கணைய நாளத்துக்குள் கேமரா: தீராத ஓர் எரிச்சல்

கணையத்தின் செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் கணைய நாளத்துக்குள் போகும் குட்டி எண்டோஸ்கோப்பை (கேமராக் குழாயை) வாங்கலாமா என்று இளைய மருத்துவ நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். அதோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு நான் கையுறையைக் கழற்றிய நேரம் பார்த்துக் கேட்டதுதான் அவர் செய்த பிழை.

என் எரிச்சலின் பெயர் சளி. குழாயின் தடிமன் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். நலமாக உள்ளவரின் கணைய நாளம் தலைப்பகுதியிலேயே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான், நுழைய இடமில்லை. நாளத்துக்குள் வளரும் ஐபிஎம்என் என்கிற கட்டி சளியைச் சுரந்து நாளத்தை உப்பவைத்தால்தான் நமக்கு வழி பிறக்கும். 1982இல் ஜப்பானில் இந்தக் கட்டியை விவரித்தவர்களே, புடைத்த நாளவாயிலிருந்து சளி வழிவதைத்தான் அடையாளமாகச் சொன்னார்கள். கதவைத் திறந்துவிடுவதும் சளி, உள்ளே போனதும் கண்ணைக் கட்டுவதும் அதே சளி. உறிஞ்சி எடுக்கலாம் என்றால் அதற்குக் குழாயில் உள்ள பாதை 1.2 மில்லிமீட்டர், பசைபோன்ற அந்தச் சளி அதில் எங்கே ஏறும்? உப்புநீரைப் பாய்ச்சினால் விலகும்தான். ஆனால் நாளத்தில் அழுத்தம் கூடினால் கணைய அழற்சி வரலாம். அதைத் தடுக்க ஆசனவாய் வழியாக இண்டோமெத்தசின் மருந்து வைத்தபிறகும் மறுநாள் காலைவரை எனக்கு நிம்மதி இருப்பதில்லை. ஆகவே சொட்டுச் சொட்டாக நீர், இடையிடையே உறிஞ்சல். பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

படத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2015இல் டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பு, ஒளியிழையில் தெரிந்த மங்கலான புள்ளிகளைப் பார்த்துப் பொருள் ஊகித்தவன் நான். இப்போது சளி விலகும் சில நொடிகளில், மீன்முட்டைக் கொத்துகளை நாளச் சுவரில் ஒட்டிவைத்தாற்போல் கட்டி தெரிகிறது. ஒரு நோயாளிக்குக் கணையத்தின் வால்பகுதியில் மட்டுமே கட்டி என்று சிடி ஸ்கேன் காட்டியிருந்தது. உள்ளே போனால், நடுவில் நல்ல சுவரைத் தாண்டிக் கழுத்துப் பகுதியிலும் ஒரு சிறு கொத்து. அறுவை மருத்துவர் வெட்டும் இடத்தையே மாற்றிக்கொண்டார். அன்று நான் எல்லோரிடமும் இந்தக் கருவியைப் பற்றிச் சலிக்கச் சலிக்கப் பேசினேன்.

நேற்றும் கொத்துத் தெரிந்தது. பயாப்சி எடுக்கத்தான் முடியவில்லை. கணையத்தின் கழுத்து வளைவில், திசுவைக் கிள்ளும் இடுக்கி முன்னேற மறுத்தது. நுனியை நிமிர்த்தி இடுக்கியை உள்ளே தள்ளி மீண்டும் வளைப்பதற்குள் சளி திரையை மூடிவிட்டது. கடைசியில் கிடைத்தது கடுகில் பாதி. "போதாது" என்று திசு ஆய்வகத்திலிருந்து வரப்போகும் ஒற்றைச் சொல் அறிக்கை எனக்கு இப்போதே தெரியும். ஒரே முறை பயன்படுத்தத்தக்க அந்த விலையுயர்ந்த குழாயோ குப்பைக்குப் போய்விட்டது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மீறி வாங்கினால் இடுக்கியை மட்டும் இரண்டாக வாங்கிவையுங்கள். முதலாவது அந்த வளைவிலேயே மடங்கிவிடும்.