புதிது என்று சொல்லி மூன்றரை ஆண்டு ஓடிய வன்தட்டைத் தலையில் கட்டினார்கள்: 9,800 ரூபாய் போயிற்று

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பெரிய வன்தட்டு ஒன்றை வாங்கிக் குடும்பப் படங்களையெல்லாம் அதில் சேர்த்து வைக்கலாம் என்று எண்ணியிருப்பவர்கள், கடைக்குப் புறப்படும் முன் இதைப் படித்துவிடுங்கள். நேற்று மாலை கடைக்காரர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டுத் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதே இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கணினி உதிரிப் பொருள் விற்கும் கடைகள் அடுத்தடுத்து இருக்கும் தெருவில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய நடுத்தரமான கடை என்ற அளவு போதும். இழந்தது 9,800 ரூபாய். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, வன்தட்டு வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகத் தருகிறேன்.

என் கணினியில் லினக்ஸின் ஒரு வகையான டெபியன் 12 ஓடுகிறது. 2014-இல் வாங்கிய 2 டெராபைட் வன்தட்டு நிரம்பிவிட்டதாலும், பதினோரு ஆண்டு ஓடிய தட்டை இனியும் நம்பக் கூடாது என்பதாலும், 4 டெராபைட்டில் புதிது ஒன்று வாங்கக் 2025 ஜூன் 14, சனிக்கிழமை அன்று திருச்சிக்குப் போனேன். நாலைந்து கடைகளில் விலை கேட்டேன். 11,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. இந்தக் கடையில்தான் 9,800 என்றார்கள்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் நான் வாங்கவில்லை. அங்கே எனக்கு நம்பிக்கை வந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைப் போன்றவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். எந்த வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் லினக்ஸ் கணினி, படங்களும் வீடியோக்களும் சேமிக்க என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் வீட்ல மின்ட்தான் சார் வெச்சிருக்கேன்” என்று ஒரு லினக்ஸ் வகையைச் சொன்னார். பிறகு, தடங்களை ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வகை வட்டை வாங்காதீர்கள், பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது அது பாதியில் திணறும், பிற்பாடு பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைக்க நினைத்தாலும் தொல்லை, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையே உங்களுக்குச் சரி என்று விளக்கினார். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்காத ஆலோசனை அது. விண்டோஸ் தவிர வேறொன்று உண்டு என்பதையே அறியாத கடைகளில் நின்று நின்று சலித்துப்போன எனக்கு, நம்முடைய மொழி பேசும் ஒருவரைக் கண்டுவிட்டது போல இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை முழுவதுமாக வீழ்த்தியது. ஒட்டப்பட்டிருந்த வெள்ளி நிற உறையை என் கண் முன்னாலேயே பிரித்து, வட்டை மேசைமேல் இருந்த கணினியில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் கணினியை ஏற்றி, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, வட்டு தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைத் தானே தட்டினார். வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் வரியில் விரலை வைத்து, “பாருங்க சார், சைபர். சுத்தமா புது பீஸ்” என்றார். நான் பார்த்தேன். சைபர்தான் இருந்தது. இதற்கு மேல் ஒரு லினக்ஸ்காரனுக்கு என்ன சான்று வேண்டும்? 9,800 ரூபாயை அங்கேயே யுபிஐ மூலம் அனுப்பினேன்.

ரசீது என்று அவர் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சிட்ட சிறு தாள். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. வட்டின் வரிசை எண்ணும் இல்லை. வட்டின் மேல் கடையின் வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டி, மாதத்துக்கும் ஆண்டுக்கும் உரிய கட்டங்களை மார்க்கர் பேனாவால் குறித்து, இது கிழிந்தால் வாரண்டி கிடையாது என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அந்த ஸ்டிக்கர் எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு ஏறக்குறைய 1.8 டெராபைட்டையும் புதிய வட்டுக்கு மாற்றினேன். கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, பத்துப் பன்னிரண்டு படங்களைத் திறந்து பார்த்தேன், எல்லாம் திறந்தன. ஒரு வாரம் கழித்துப் பழைய வட்டை அழித்து, கல்லூரியில் சேர்ந்திருந்த அக்கா மகனின் கணினிக்குக் கொடுத்துவிட்டேன். இது என் தவறு. ஒரே ஒரு பிரதியை நம்பியிருக்கக் கூடாது. ஆனால் என் தவறு கடைக்காரரின் பொய்யை மெய்யாக்கிவிடாது.

ஜூலை 8-ஆம் தேதி இரவு ஒரு வீடியோவைத் திறந்தபோது கணினி அப்படியே உறைந்து நின்றது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தால் அந்த வட்டைப் படிக்க முடியவில்லை என்ற பிழை வரிகள் அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தன. இத்தகைய நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வட்டை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளைத்தான் என்பதால், கேபிளை மாற்றினேன், மதர்போர்டில் வேறு துளையில் செருகினேன். பிழை போகவில்லை. ஸ்மார்ட் பட்டியலில் கேபிள் கோளாறைக் காட்டும் 199-ஆம் வரி சைபராகவே இருந்தது. படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டார்களை, அதாவது வட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளை, காட்டும் 197-ஆம் வரியோ அன்றிரவு 8 என்று தொடங்கி, மறுநாள் காலை 312 ஆகியிருந்தது. வட்டு முழுவதையும் படித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை ஓடவிட்டேன். பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டாமல் படிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. அப்போதும் ‘ஓடிய மணி நேரம்’ என்ற வரி 131 என்றுதான் காட்டியது.

புதிய பொருளும் சில நேரம் இப்படிப் போகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகுதான் 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி நினைவுக்கு வந்தது. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய வட்டுகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்துப் புதியவை என்று பல கடைகளில் விற்றிருந்தார்கள். சியா என்னும் கிரிப்டோ நாணயத்துக்காக ஓடிய வட்டுகளாக இருக்கலாம் என்று அப்போது பேசப்பட்டது. அந்த மோசடி வெளிப்பட்டது ஃபார்ம் என்னும் தனிப் பதிவின் மூலமாக. சில வன்தட்டுகளில் ஸ்மார்ட் கணக்குக்குப் புறம்பாக உள்ளே இன்னொரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே உள்ளதை அழித்தவர்கள் இதை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

இந்தப் பதிவைப் படிக்கும் வசதி, ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய மென்பொருளான ஸ்மார்ட்மான்டூல்ஸின் 7.4 பதிப்பில்தான் வந்தது. டெபியன் 12-இல் இருப்பது 7.3 என்பதால் என் கணினியில் அந்தக் கட்டளையே செல்லவில்லை. இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 24.04-ஐப் பென்டிரைவில் ஏற்றி, அதில் 7.4-ஐ நிறுவி, மறுபடியும் கேட்டேன். விடை வந்தது: 30,412 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள். இரவு பகல் ஓய்வில்லாமல் ஏறக்குறைய மூன்றரை ஆண்டு சுழன்ற வட்டு. அதன் பிறகு வட்டை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். இணைப்பு முனையின் பொன் நிறத் தகடுகளில் பலமுறை செருகி எடுத்த கீறல்கள் இருந்தன. திருகாணித் துளைகளின் விளிம்பில் வண்ணம் தேய்ந்திருந்தது. கடையின் வாரண்டி ஸ்டிக்கர், தயாரிப்பாளரின் லேபிளில் தேதி அச்சிட்ட இடத்தின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தது. கிழித்துப் பார்த்தால் வாரண்டி போய்விடும். கிழிக்காவிட்டால் தேதி தெரியாது.

தொலைபேசியில் அழைத்தேன். “லினக்ஸா சார்? அதுல அப்படித்தான் தப்புத்தப்பா காட்டும். விண்டோஸ்ல போட்டுப் பாருங்க” என்றார். இதைச் சொன்னவர், என் முன்னால் டெர்மினலைத் திறந்து சைபரைக் காட்டி விற்ற அதே மனிதர்.

நேரில் போனேன். கடைப் பையன் ஒருவன் வட்டை விண்டோஸ் கணினியில் மாட்டி, சாதனம் சரியாக இயங்குகிறது என்று சொல்லும் பெட்டியை எனக்குக் காட்டினான். அந்தப் பெட்டி செக்டார்களைச் சோதித்துச் சொல்வதில்லை, டிரைவர் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும் என்று எடுத்துச் சொன்னேன். அவன் அதற்குப் பதில் சொல்லாமல், “ஃபார்மட் பண்ணா சரியாயிடும் சார்” என்று மவுஸை நகர்த்தினான். நான் கையைப் பிடித்து நிறுத்தாவிட்டால் எஞ்சியிருந்ததும் போயிருக்கும். அடுத்த முறை அழைத்தபோது, கம்பெனி வாரண்டி இருக்கிறது, நீங்களே சர்வீஸ் சென்டரில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் வரிசை எண்ணை இட்டுப் பார்த்தால், இது கணினி தயாரிக்கும் நிறுவனத்துக்கு உதிரிப் பாகமாக விற்கப்பட்டது, தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு வாரண்டி கிடையாது என்று வந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தன. இரண்டு வாரம் பதில் இல்லை.

இதற்கிடையில் மைத்துனரின் 5 டெராபைட் வெளி வட்டை இரவல் வாங்கி, பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு இரண்டு நாள் இரவும் பகலும் மீட்டெடுத்தேன். 99.8 விழுக்காடு மீண்டது. வெளியார் கேட்டால் நல்ல எண் என்று தோன்றும். மீளாத செக்டார்கள் எந்தக் கோப்புகளுக்கு உரியவை என்று ஒவ்வொன்றாகத் தேடியபோது, அவற்றில் ஒன்று 2017-இல் திருக்கடையூரில் நடந்த என் பெற்றோரின் அறுபதாம் கல்யாண வீடியோ என்று தெரிந்தது. அப்பா தாலியை எடுத்து அம்மாவின் கழுத்தருகே கொண்டு போகிறார். அந்த இடத்தில் படம் பச்சைக் கட்டங்களாக உடைந்து நிற்கிறது. கெட்டிமேளச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படம் திரும்பத் தெளியும்போது தாலி கட்டி முடிந்து, எல்லாரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்பா 2021-இல் காலமாகிவிட்டார். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மறுபடியும் திருச்சிக்குப் போய், 30,412 என்ற எண் உள்ள திரையை அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். பணத்தைத் திருப்பித் தாருங்கள் தம்பி, வேறொன்றும் வேண்டாம் என்றேன். தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நீங்களே ஏதோ கமாண்ட் அடிச்சு ஹவர்ஸ மாத்திட்டு வந்திருக்கீங்க சார். லினக்ஸ்ல எதை வேணா மாத்தலாமே.” கடையில் வேறு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பில் எங்கே என்று கேட்டார். எஸ்டிமேட் தாளை நீட்டினேன். இது பில் இல்லையே என்றார். 9,800 ரூபாயையும் கொடுத்து, திருடன் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். யுபிஐ பரிமாற்ற விவரமும் வாட்ஸாப் உரையாடலும் என்னிடம் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.

விரிவாகத் தருகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன், ஆனால் இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். ஜிஎஸ்டி எண்ணும் வட்டின் வரிசை எண்ணும் உள்ள பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் கடையில் நின்றபடியே வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டுப் பாருங்கள். தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்ட வந்தால் வேறு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சைபர் மணி நேரம் என்று ஒருவர் காட்டினால் அதை நம்பாதீர்கள். ஃபார்ம் பதிவு உள்ள வட்டு என்றால் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பால் அதையும் பாருங்கள், இல்லாவிட்டால் இணைப்பு முனையையும் திருகாணித் துளைகளையுமாவது பாருங்கள். நீண்ட சோதனை முழுவதும் முடியாமல் ஒரு கோப்பையும் மாற்றாதீர்கள். பழைய வட்டை அழிக்காதீர்கள்.

அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில், என்னிடம் விற்றது போன்ற வெள்ளி உறையில் இன்னும் ஏழெட்டு வட்டுகள் அடுக்கியிருந்ததை நேற்றும் பார்த்தேன்.