காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சாமி படம் வாங்குவது: எது தேறும், எது தேறாது

முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்களில் பலர் தூணையும் கதவையும் பார்த்து வியந்துவிட்டு, எனாமல் தூக்குச்சட்டி ஒன்றோடு திரும்பிவிடுகிறார்கள். சுவரோரம் முதுகைக் காட்டிச் சாய்த்து வைத்திருக்கும் படங்களைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் இந்தத் தெருவில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை அந்தப் படங்கள்தான். அவற்றிலும் முதலிடம் தஞ்சாவூர்த் தங்கத்துக்கு இல்லை. துணியும் சரிகையும் மணியும் வைத்து ஆச்சிமார் அலங்கரித்த அச்சுப் படங்களுக்கே.

இந்த மாதிரி அச்சுப் படங்களுக்காக ஓவியர் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒத்தி எடுத்து, கடைசியில் வார்னிஷ் பூசி அனுப்பினார்கள். தாமரைமேல் நிற்கும் லட்சுமி, வீணை மீட்டும் சரஸ்வதி, அன்னத்தோடு பேசும் தமயந்தி எல்லாம் இப்படி ஊர் ஊராகப் போன படங்கள். எத்தனையோ வீடுகளில் இருந்த அதே லட்சுமி, செட்டிநாட்டு வளவுக்குள் வந்ததும் வேறாகிவிட்டாள். முகம், கை, பாதம் மூன்றையும் தொடாமல், சேலை இருக்கும் இடத்தில் மட்டும் பட்டுத்துணியை வெட்டி ஒட்டி, கரையில் சரிகை வைத்து, நகைக்கு மணியும் ஜிகினாவும் கோத்தார்கள். அச்சகம் பல்லாயிரமாய்ப் பெருக்கியதை ஊசி ஒற்றைப் படமாக்கியது. இந்தக் கடைகளில் ஒரே லட்சுமி இரண்டு படங்களாகக் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரையின் அகலத்தில் தொடங்கி மூக்குத்தி வரை இரண்டு வீட்டு ரசனை தெரியும்.

வேலை நல்லதா என்று பார்க்க வேண்டிய இடம் கொசுவம். தேர்ந்த கை, வரைந்த மடிப்பின் போக்கிலேயே துணியை மடித்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் அச்சில் நிழல் விழுந்த இடத்தில் துணியிலும் நிழல் விழும். சுமாரான வேலையில் சேலை ஒரே தட்டையான துண்டு. இன்னொரு அடையாளம், நிறுத்தத் தெரிந்திருப்பது. தண்ணீர், தாமரை இதழ், யானை ஆகியவற்றை அச்சாகவே விட்டுவிட்டு உடையில் மட்டும் கை வைத்த படம், மூலைக்கு மூலை ஜிகினா கொட்டிய படத்தைவிட எப்போதும் உயர்ந்தது.

இனிச் சோதனை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாகச் சிதறியிருக்கும். பூப்போல வட்டம் வட்டமாக, கட்டம் போட்டதுபோல் ஒழுங்காகப் புள்ளி தெரிந்தால் அது ஆப்செட் மறுஅச்சு. பனித்தூவல் மாதிரி மிகச் சிறிய நிறத்துளிகள் தெரிந்தால் கம்ப்யூட்டர் பிரிண்ட், பேசாமல் வைத்துவிடுங்கள். அடி ஓரத்தில் அச்சகப் பெயர் இருப்பது நல்லதுதான், ஆனால் அதையே நம்பக் கூடாது. மறுஅச்சில் அந்த வரியும் சேர்ந்தே வந்துவிடும். சட்டத்துக்குப் பொருத்த ஓரத்தை வெட்டிய அசல் படங்களும் உண்டு.

படத்தைத் திருப்பிப் பின்பலகையைப் பாருங்கள். பழைய சட்டத்தில் மெல்லிய மரப்பலகைகளை அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். அந்தப் பலகைகளின் இடைவெளி வழியாகத் தூசியும் காற்றும் புகுந்து, தாளின் முதுகில் அதே இடத்தில் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். தேயிலைத் தண்ணீரில் தோய்த்துப் பழசாக்கிய தாளில் பழுப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். கடைக்காரர் சட்டத்தைக் கழற்ற இசைந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் வெளிச்சம் படாத அரை அங்குலத்தில் நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும். துணி எங்காவது விட்டுப்போயிருந்தால் அதற்கு அடியிலுள்ள அச்சும் அப்படியே பளிச்சென்று இருக்க வேண்டும். வெளியிலும் அடியிலும் ஒரே மங்கல் என்றால், பழைய படத்துக்குச் சமீபத்தில் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் எளிது: இக்காலத்து வெள்ளைத் தாளும் நூலும் பெரும்பாலும் நீலமாக ஒளிரும், பழையவை ஒளிராது.

சரிகை கறுத்திருப்பது குறை அல்ல. வெள்ளி கலந்த சரிகை கறுக்கத்தான் செய்யும். புளி, எலுமிச்சை, சோப்பு எதையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாறு தாளில் இறங்கினால் கறை வட்டமாகப் பரவும், பிறகு எடுக்கவே முடியாது. உண்மையான எதிரி இராமபாணப் பூச்சி. பசைக்காகத்தான் அது வருகிறது. துணியின் ஓரத்தில் தாள் மேல்தோல் உரிந்ததுபோல் ஒழுங்கற்ற திட்டுகள் இருந்தால் பூச்சி உள்ளே இருந்திருக்கிறது. முகத்தில் அந்தத் திட்டு இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உடையில் இருந்தால் பேரம் பேசலாம்.

அடுத்து கண்ணாடிப் படங்கள். இதில் ஓவியர் வேலையே தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால், சாதாரண ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணி, நகை, கோடு எல்லாவற்றையும் முதலில் வைத்து, பின்புலத்தைக் கடைசியில் பூச வேண்டும். இடம் வலமும் மாறும். ஒருமுறை வைத்த கண்ணைத் திருத்த முடியாது என்பதை நினைத்துக்கொண்டு ஒரு நவநீத கிருஷ்ணனின் பார்வையைக் கவனியுங்கள். இந்தத் தெருவில் அதற்கு ஈடாக மனதை நிறுத்தும் பொருள் வேறு இல்லை. பழைய கண்ணாடியா என்று அறிய, டியூப்லைட்டின் பிம்பத்தை அதில் விழவிட்டுப் படத்தை மெல்ல அசையுங்கள். பழைய கண்ணாடியில் பிம்பம் நெளியும், இன்றைய கண்ணாடியில் நேர்க்கோடாக நகரும். பழைய கண்ணாடியில் புதிதாகப் படம் எழுதுவதும் நடக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கண்ணாடியும் வண்ணமும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரியும். ஈரம் சேர்ந்தால் பிடிப்பு விடும். அதனால்தான் வண்ணம் செதில் செதிலாகப் பெயர்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், விட்டுப்போன இடங்கள் முன்பக்கத்திலிருந்து வெள்ளிபோல் மினுங்கும். பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்த படங்களைச் சில கடைகளில் பார்க்கலாம். பின்புலமே கரைந்து மேகம் கட்டியிருக்கும். பளபளப்பாகத் துடைத்து வைத்திருக்கும் கடையைவிடத் தூசியோடு வைத்திருக்கும் கடையே மேல்.

தஞ்சாவூர்ப் பலகைப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கால் புடைப்பு எழுப்பி, தங்கத் தகடு ஒட்டுவது முறை. புதியதுதான் வேண்டும் என்றால் தஞ்சாவூரிலேயே எழுதி வாங்கலாம், இங்கே அலையத் தேவையில்லை. பழையது என்று சொன்னால் மக்கில் நுண்வெடிப்பு இருக்கிறதா, பலகை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். போலித் தகடு பச்சையோ பழுப்போ ஏறிவிடும், தங்கம் ஏறாது.

கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களும் அவ்வப்போது கிடைக்கும். காலண்டர் படம்தானே என்று கடைக்காரர்களே ஒதுக்கி வைப்பார்கள். கடவுளரின் முகத்தில் அவர் வைத்த சாந்தத்துக்காகவே வாங்கலாம்.

கடைகளைப் பற்றிய குறை இரண்டு. முதலாவது, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ப்பது. ஒரு சட்டத்தின் ஆணி இன்னொன்றின் கண்ணாடியில் உராயும். இரண்டாவது, சட்டமும் படமும் மாறி மாறிப் போவது. ஒரு வீட்டின் பர்மா தேக்குச் சட்டத்துக்குள் வேறெங்கோ வந்த அச்சு உட்கார்ந்திருக்கும். ஆகவே படத்துக்கு என்ன, சட்டத்துக்கு என்ன என்று விலையைப் பிரித்துக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தேதான் என்றால், எந்த ஊர், எந்த மாதிரி வீட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பங்காளிகள் பிரித்துக்கொண்டு இறக்கிய சாமான் என்றால் அதே வீட்டின் வேறு படங்களும் கடையில் இருக்க வாய்ப்புண்டு.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் நூறாண்டு கடந்த ஓவியத்தையும் கலைப்பொருளையும் தொட வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாரை அனுமதிக்காது. எந்த நாட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கல், உலோகச் சிலைகளைக் கடையிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

எடுத்துச் செல்லும்போது கண்ணாடிப் படத்தைப் படுக்க வைக்கவே கூடாது. இரண்டு தெர்மாகோல் பலகைகளுக்கு நடுவே நிமிர்த்தி, காரின் பின்சீட்டில் வையுங்கள். வீட்டில் மாட்டும்போது பழைய செட்டிநாட்டு வீட்டுக் கூடங்களான பட்டாலைகளின் வழக்கம்தான் சிறந்தது: அடிப்பக்கம் இரண்டு மரக்கட்டைகள்மேல் உட்கார, மேற்பக்கம் கயிற்றில் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். தூசி தங்காது, கண்ணாடியில் சன்னல் வெளிச்சம் அடிக்காது, சுவர் ஈரம் படாது. நேராகத்தான் மாட்ட வேண்டும் என்றால் அடி மூலைகளில் அரை அங்குலத் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். துணி தைத்த படத்துக்கும் அதன் முன்கண்ணாடிக்கும் நடுவே 5 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கும்படி மெல்லிய மரப்பட்டி வைக்கச் சொல்லுங்கள். மணி கண்ணாடியில் அழுந்தினால் தாள் கிழியும். விளக்கு மாடத்துக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் புகை சட்ட இடுக்கு வழியாக உள்ளே ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை இறக்கி, முதுகில் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். அடித்தால் வெயிலில் வைக்காமல், மின்விசிறிக் காற்றில் நிழலிலேயே இரண்டு நாள் நிறுத்துங்கள்.