மலைக் குளிருக்குக் காது அடைத்திருக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள்: ஊட்டிக் கச்சேரியில் நாங்கள் பட்ட பாடு

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சீசன் கச்சேரிகளுக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு வரை என் இரண்டு காதும் நன்றாகக் கேட்டன. இப்போது வலது காது சரியாகக் கேட்பதில்லை.

நான் குன்னூர்க்காரன். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளுக்குப் பாட்டென்றால் உயிர். பன்னிரண்டு வயது. ஊட்டியைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் இசை நிகழ்ச்சி என்று விளம்பரம் வந்தது. புல்வெளியில் திறந்தவெளிக் கச்சேரி, குடும்பத்தோடு வரலாம், குழந்தைகளுக்குக் காதுப் பாதுகாப்பு இலவசம் என்று போட்டிருந்தார்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. முன்வரிசை, ஆளுக்கு 2,500 ரூபாய் என்று இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் புல்வெளியில் ஒரு நாற்காலிகூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று எல்லோரையும் பக்கத்திலிருந்த தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் அனுப்பினார்கள். மூடிய இடம் என்றால் பத்து மணிக்கு மேலும் நடத்தலாம் என்று வாசலில் நின்றவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்ததையும் கேட்டேன். முன்வரிசை என்பது ஆளுயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கருக்கு நேர் எதிரே ஆறேழு அடி தூரத்தில் இருந்தது. கீழே பேஸ் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒலிச் சோதனைக்கு முதல் அடி விழுந்தபோது, என் நாற்காலிக்கடியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும்.

காதுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டேன். ஒரு பையன் மருந்துக்கடையில் விற்குமே, அந்தப் பஞ்சுச் சுருளைக் கொண்டுவந்து இரண்டு துண்டு கிள்ளிக் கொடுத்தான். "இதை வெச்சுக்கங்க அண்ணா, எல்லாருக்கும் இதுதான்" என்றான். அவனைச் சொல்லிப் பயனில்லை, அவனுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். பஞ்சு இந்தச் சத்தத்தை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கும் என்பதால் அது வெறும் காதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன்.

இரண்டாவது பாட்டுக்கே பாப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் எனக்கு அவள் பேச்சு புரியவில்லை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தாலே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அதையெல்லாம் எப்போதோ கடந்திருந்தோம். போனில் ஆப் போட்டுப் பார்த்தேன், 104, 106 என்று நின்றது. போன் மைக் துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் அது பத்து டெசிபல் கூட்டிக் காட்டியிருந்தாலும் எங்களுக்கு ஆபத்துதான்.

அமெரிக்காவில் தொழிலாளர் நலனுக்காக ஆய்வு செய்யும் நியோஷ் நிறுவனத்தின் கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி என்று குறைந்துகொண்டே வந்து 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம் ஆகிறது. 106 என்றால் நான்கு நிமிடம்கூட இல்லை. நாங்கள் அங்கே இருந்தது இரண்டரை மணி நேரம்.

குறைக்கச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னேன். மிக்சர் போர்டில் இருந்தவரிடம் போய், "அண்ணே, சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, கொஞ்சம் குறைங்க" என்றேன். "நான் என்னங்க பண்றது, குறைச்சா ஓனர் வந்து ஏத்தச் சொல்றாரு" என்றார். பின்னால் இடம் மாற்றிக் கேட்டேன், காலி இல்லை என்றார்கள். சரி, வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம் என்றால், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று வாசலில் தடுத்தார்கள். 5,000 ரூபாயை நினைத்து உள்ளேயே இருந்துவிட்டேன். அந்த ஒரு முடிவை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், திருவிழா என்றால் கொட்டும் குழலும் திறந்த வெளியில்தான் ஒலிக்கும். சத்தம் கூடினால் தள்ளிப் போய் நிற்கலாம். வெட்டவெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். தகர ஷெட்டுக்குள் அந்த வசதி கிடையாது. கூரையும் சுவரும் திருப்பி அடிப்பதால் கடைசி வரிசைக்குப் போனாலும் பெரிதாகத் தப்ப முடியாது.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தோம். கற்பூர மரங்கள் காற்றில் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, இலைச் சத்தம் இல்லை. காதில் தலையணையை வைத்து அமுக்கியது போல இருந்தது. "மாமா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றாள் பாப்பா. எனக்கும் அதே கீச்சுச் சத்தம்தான். வாசலில் இருந்தவரிடம் சொன்னதற்கு, "மலைக்கு வந்தா அப்படித்தாங்க, குளிருக்கும் உசரத்துக்கும் காது அடைக்கும், காலையில சரியாயிடும்" என்றார். குன்னூரில் பிறந்து வளர்ந்த எனக்கு மலையில் காது அடைத்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். கொட்டாவி விட்டால், எச்சில் விழுங்கினால் டப்பென்று திறந்துகொள்ளும். ஊட்டியிலிருந்து குன்னூர் இறங்கும் வரை எத்தனை முறை விழுங்கிப் பார்த்தும் அன்று திறக்கவில்லை. அப்படியிருந்தும், அவர் சொன்னதை நம்பத்தான் மனசு ஆசைப்பட்டது.

பாப்பாவுக்கு இரண்டு நாளில் சரியானது. எனக்கு வலது காதில் கீச்சு நிற்கவில்லை. அம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றச் சொன்னார். மருந்துக்கடையில் அழுக்கு இளக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஐந்து நாள் இப்படியே போனது. ஆறாம் நாள்தான் கோயம்புத்தூருக்குப் போய்க் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன்.

சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். ஒலி கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். இடது காதுக்கு டக் டக்கென்று அமுக்கினேன். வலது காதுக்கு வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் கருவியில் அசைவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலிக்கான இடத்தில் கோடு பள்ளமாக விழுந்திருந்தது. பெருஞ்சத்தத்தால் காது கெடும்போது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழும் என்றார் மருத்துவர். உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன, செத்தது திரும்ப முளைக்காது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். "முதல் நாளே வந்திருந்தா இன்னும் பலன் இருந்திருக்கும், குளிர்னு நினைச்சு நாளைக் கடத்திட்டீங்க" என்றார். இப்போது பாதி தேறியிருக்கிறது. கூட்டத்தில் பேசினால் ச, ஸ போன்ற ஓசைகள் எனக்கு உதிர்ந்துவிடுகின்றன.

ஏற்பாட்டாளர்களுக்கு ரிப்போர்ட்டோடு எழுதினேன். மற்ற எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள், உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினை, பணம் திரும்பத் தர முடியாது என்று பதில் வந்தது. ஒலி மாசு விதிகளுக்கு உட்பட்டே நடத்தினோம் என்றும் ஒரு வரி. அந்த விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. டெசிபல் வரம்பு இருக்கிறதே என்றால், அதை அளப்பது இடத்தின் எல்லையில். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்த குழந்தையின் காதுக்கு அது பதில் சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டியது உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையை. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, சத்தத்தை நேரடியாக அளந்துகொண்டே இருக்க வேண்டும், காதுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் வேண்டும் என்கிறது அது. எங்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் பணம் கட்டும் முன்பே போன் போட்டுக் கேளுங்கள்: கச்சேரி வெளியிலா ஷெட்டிலா, ஸ்பீக்கர் எங்கே, வெளியே போய்த் திரும்ப வரலாமா, காதுக்குக் கொடுப்பது பஞ்சா இயர் பிளக்கா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அவர்களை நம்பாமல் நீங்களே இயர் பிளக் கொண்டுபோங்கள். ஃபோம் வகை விலை குறைவு. மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. பாட்டு மங்காமல் சத்தம் மட்டும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு இசைக்கலைஞர்கள் போடும் ஃபில்டர் வகை இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குக் காதை முழுதாக மூடும் இயர் மஃப் நல்லது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அன்று அந்த ஷெட்டில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டிக்கெட்டையும் அந்த விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். காதில் கீச்சோ அடைப்போ இன்னும் இருந்தால் எண்ணெய் எதுவும் ஊற்றாமல் நாளைக்கே ஆடியோகிராம், அதாவது எனக்குச் செய்த அந்தக் காது கேட்கும் சோதனையை, எடுத்துவிடுங்கள்.