சின்ன கேஜ் துப்பாக்கி: புதுசு எடுக்கலாமா, பழசு எடுக்கலாமா?

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை, டுரியான்னு கொஞ்சம் நெலம் வச்சிருக்கிற ஆளுங்கள்ல லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க, அதுல முக்காவாசி 12 கேஜ் தான், அப்பா தாத்தா காலத்து செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவுல மடக்கி தொறக்குற துப்பாக்கி. அதப் பத்தி எழுத ஆளு நெறைய இருக்கு. நான் எழுதப் போறது 20, 28, .410 இந்த மாதிரி சின்ன கேஜ் பத்தி, ஏன்னா எனக்கு வலது தோள் பிரச்சன, 12-ல ஒரு ரவுண்டு, பறக்க விட்டு சுடுற களிமண் தட்டு சுட்டா மறுநாள் கைய தூக்க முடியல, அதனால லேசா ஒன்னு எடுக்கலாம்னு ஈப்போவுல ஒரு கடைக்கு பல தடவ போயி, இருக்கிறத எல்லாம் மடக்கி தொறந்து தோள்ல வச்சி பாத்துட்டு தான் ஒன்னு எடுத்தேன். மச்சானும் இப்ப லைசென்ஸுக்கு போரம் போட்டிருக்காரு, அவரு கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் இதுலயே இருக்கு.

மொதல்ல ஒன்னு. இது கடைக்கு போயி காசு குடுத்து தூக்கிட்டு வர்ற சாமான் இல்ல. 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம ஒரு துப்பாக்கி கையில இருந்தாலே குத்தம், 1971-ல வந்த சட்டத்துல செறையோட ரோத்தான், அதாவது பிரம்படியும் சேந்துக்கும். போலீஸ் அனுமதி வந்த பிறகு தான் வாங்குறது, துப்பாக்கியோட சீரியல் நம்பர் லைசென்ஸ்ல ஏறும், காலாவதி ஆகுறதுக்கு முன்ன புதுப்பிக்கணும். நம்ம ஊர்ல இதுக்கு ஒரு வரலாறும் இருக்கு, 1948 ஜூன் 16-ல இங்க பக்கத்து எஸ்டேட்டுங்கள்ல மூனு வெள்ளக்கார தொரைங்கள சுட்டதுல தான் மலாயாவுல எமர்ஜென்சியே வந்துச்சி, அது முடிஞ்சது 1960-ல, ஆயுதச் சட்டமும் அதே வருஷம். லயத்துல வளந்த பெரியவங்க இன்னிக்கும் துப்பாக்கின்னா கொரல எறக்கி தான் பேசுவாங்க. அமெரிக்காவுல ஒருத்தர் மோஸ்பர்க் 500 ஒன்னு, ரெமிங்டன் 870 ஒன்னுன்னு அடுக்கி வச்சிக்கிட்டு எது புடிக்குதுன்னு மெதுவா பாக்கலாம், இங்க ஒன்னு கெடைக்கிறதே பெருசு. அதனால அந்த ஒன்ன சரியா எடுக்கணும்.

கேஜ்னா என்னன்னு மச்சான் கேட்டாரு. ஒரு பவுண்டு ஈயத்த சரிசமமா 20 உருண்டையா உருட்டுனா அதுல ஒரு உருண்டை எந்த சைஸோ அது தான் 20 கேஜ் கொழாயோட சைஸு, 12-ன்னா 12 உருண்ட, அதனால நம்பர் கொறஞ்சா கொழாய் பெருசு. .410 மட்டும் இந்த கணக்குல வராது, அது நேரடியா அங்குல அளவு, கேஜ் கணக்குல பாத்தா 67 கிட்ட வரும். அவ்ளோ சின்னது.

இப்ப .410 பத்தி கொஞ்சம் வெளிப்படையாவே சொல்லிடுறேன், ஏன்னா புதுசா பழகுறவங்களுக்கு எல்லாரும் அதையே சொல்றாங்க, ஒல்லியா இருக்கு, சுடுறப்ப தோள்ல அடி இல்ல, சத்தம் கம்மின்னு. அடி இல்லாதது உண்ம தான். ஆனா ரெண்டரை அங்குல தோட்டாவுல ரவை, அதாவது உள்ள இருக்கிற சின்ன ஈய உருண்டைங்க, 14 கிராம் தான், மூனு அங்குலத்துல போனா 19 கிராம் கிட்ட. 20 கேஜ்ல சாதாரண தோட்டாவே 24 கிராம். ரவை பாதிக்கு பாதி கொறஞ்சா, பறக்குற தட்டு மேல படுற ரவையும் பாதி தான், நல்லா பழகுன ஆளே அதுல தடுமாறுவாங்க, புதுசா வந்தவரு பத்து தட்டுல எட்டு விட்டுட்டு நமக்கு கண்ணு சரியில்ல போலன்னு மனசு ஒடஞ்சி போயிடுவாரு. .410 கை தேர்ந்தவங்க ஆசைக்கு வச்சிக்கிறது. மச்சான்கிட்ட இத சொன்னேன், மொகம் கொஞ்சம் வாடுச்சி, பரவால்ல, மொத துப்பாக்கி .410 வேணாம்.

28 கேஜ் சுட ரொம்ப சொகமா இருக்கும், 21 கிராம் ரவை, மெல்லிசா அழகா இருக்கும், ஆனா தோட்டா நம்ம பக்கம் தேடி அலையணும், கெடைச்சாலும் வெல அதிகம், அதோட அத விட்டுட்டேன். 16 கேஜ் அத விட மோசம், பழசு ஒன்னு ரெண்டு கடையில தொங்கும், வெலயும் மலிவா சொல்வாங்க, அந்த மலிவுக்கு காரணம் தோட்டா இல்லாதது தான்.

ஆக மிச்சம் 20. இதுலயும் ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, 20 கேஜ்னா தானா அடி கம்மி ஆயிடாது. 12 கேஜ் மூனு கிலோ முன்னூறு இருக்கும், அதுல 28 கிராம் தோட்டா போட்டு சுடுறோம். 20 கேஜ் ரெண்டு கிலோ எழுநூறு இருக்கும், அதுல 24 கிராம். ஒரு கிலோ துப்பாக்கிக்கு எத்தன கிராம் ரவைன்னு வகுத்து பாருங்க, 12-க்கு எட்டரை கிட்ட, 20-க்கு கிட்டத்தட்ட ஒம்போது. அதாவது லேசான 20 தோளுக்கு 12 மாதிரியே தான் அடிக்கும். பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரரு கிரீனர் ஒரு கணக்கு சொல்லியிருக்காரு, ரவையோட எடையப் போல 96 மடங்கு துப்பாக்கி எடை இருக்கணும்னு, 24 கிராமுக்கு 2.3 கிலோ வரும், அது கொறஞ்ச பட்சம் தான். தோளுக்காக வாங்குறவங்க அத விட ஐநூறு கிராமுக்கு மேலயே கூட இருக்கிறத எடுங்க, கடையில தூக்கி பாக்குறப்ப பஞ்சு மாதிரி இருக்கேன்னு மயங்கிடாதீங்க. தோள்ல நீங்க எப்படி வச்சாலும் கன்னம் தோள்ல வைக்கிற மரக் கட்டையில சரியா உக்காந்து கண்ணு நேரா கொழாய் மேல போகணும், அது உக்காரலன்னா எந்த கேஜா இருந்தாலும் கன்னத்துல குத்தும்.

இனி கடையில பாத்தது.

புதுசுன்னா நம்ம பட்ஜெட்டுக்கு பெரும்பாலும் துருக்கி சாமான் தான் வரும். துருக்கியில ஹுக்லுன்னு ஒரு ஊரே துப்பாக்கி செய்யிற ஊரு, அங்க இருந்து வர்றதுல நல்ல வேலைப்பாடும் உண்டு, வெளிநாட்டு கம்பெனிங்களே அவங்ககிட்ட செய்ய குடுத்து தன் பேர் போட்டு விக்குது. ஆனா துருக்கின்னு சொல்லி எல்லாத்தையும் ஒரே கணக்குல வைக்க முடியாது. நான் பாத்த ஒரு புது ரெட்டைக்குழல், மேல கீழ மாதிரி, பாக்க கண்ண பறிக்குது, பக்கத்து தகட்டுல பறவை எல்லாம் செதுக்கியிருக்கு, கட்டை பளபளன்னு வார்னிஷ். தொறந்து மூடுனா ரெண்டு மூனு தடவையில ஒரு தடவ குழல பூட்டுற லீவர் முழுசா போயி உக்காரல, கட்டைவிரலால தள்ளி விட வேண்டியிருக்கு. ட்ரிகர் ஒரு குழலுக்கு லேசு, இன்னொன்னுக்கு பாறை. கட்டையும் உலோகமும் சேர்ற எடத்துல ஒரு தாள் போற அளவு எடைவெளி. அத வாங்க எனக்கு மனசு வரல. ஓடுனா சரியாயிடும்னு பக்கத்துல நின்ன ஒரு அண்ணன் சொன்னாரு, புதுசுல சரியா உக்காராதது ஓடுனா தேயத்தான் செய்யும்.

அடுத்தது பழைய பைக்கால் ஒத்தக்குழல், ரஷ்யாவுல இஷெவ்ஸ்க்ல செஞ்ச ஐசெட்எச் 18. அழகு கெடையாது, கட்டை கரடுமுரடா இருக்கும், ஆனா இரும்பு இரும்பு தான். ட்ரிகர் கார்டு பின்னாடி இருக்கிற லீவர இழுத்தா தொறக்கும், உள்ள ஸ்பிரிங் தானா ஏறிக்கும். தோட்டத்து அணில், எலிக்கு ஒரே ஒரு துப்பாக்கி, காசு ரொம்ப கம்மின்னா கண்ண மூடிக்கிட்டு இதை சொல்வேன். களிமண் தட்டுக்கு ஒத்தக்குழல் பத்தாது, சில தட்டு ஜோடியா வரும்.

நான் எடுத்தது பக்கம் பக்கமா ரெண்டு குழல் வச்ச ஸ்பெயின் சாமான், எய்பார்ல செஞ்ச ஆயா கம்பெனி பாக்ஸ்லாக். அந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா இதே வேலை. உள்ள இருக்கிற யந்திரம் 1875-ல வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில ஆன்சன், டீலின்னு ரெண்டு பேரு கண்டுபுடிச்ச அதே அமைப்பு, பாகம் கம்மி, கெடறதுக்கு ஒன்னும் இல்ல. செதுக்கல் எல்லாம் தேஞ்சி போயிருக்கு, கட்டையில கோடு கோடா கீறல், வெல அந்த பளபள புதுசுக்கு கீழ தான்.

பழசு எங்க இருந்து வருதுன்னா, லைசென்ஸ் வச்சிருந்த பெரியவரு போயி சேந்துடுவாரு, புள்ளைங்க கோலாலம்பூர்ல வேல, யாருக்கும் வேணாம், அதுங்க வித்துட சொல்லி கடையில ஒப்படைச்சது தான். அதனால பல துப்பாக்கி சுட்டதே கம்மியா இருக்கும், ஆனா துரு புடிச்சிருக்கும். நம்ம ஊரு ஈரத்துக்கு துரு தான் மொத எதிரி, அதுலயும் தோல் உறையிலயே வருஷக்கணக்கா போட்டு வச்சிருந்தா முடிஞ்சது கத. பாக்குறப்ப அவசரப்படாதீங்க, தவுக்கேகிட்ட, அதாவது கடை மொதலாளிகிட்ட, அங்கிள், கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்னு மரியாதையா கேட்டா நல்ல கடைக்காரரு யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாரு.

மொதல்ல தொறந்து காலியான்னு பாருங்க, அவரு பாத்திருந்தாலும் நீங்களும் பாருங்க. அப்புறம் குழலுக்கு கீழ கை புடிக்கிற முன் கட்டைய கழட்டிட்டு, குழல மூடி, கட்டைய ஒரு கையில குழல ஒரு கையில புடிச்சி பக்கவாட்டுல ஆட்டுங்க. துளி கூட ஆடக்கூடாது, டக்குன்னு ஒரு சத்தம் கேட்டாலே பூட்டு தேஞ்சிருக்குன்னு அர்த்தம், அத சரி பண்ற செலவுல இன்னொன்னு வாங்கிடலாம். மேல இருக்கிற லீவர் மூடுனப்ப நடுவுக்கு கொஞ்சம் வலது பக்கம் நின்னா இன்னும் ஆயுசு இருக்கு, நடுவ தாண்டி இடது பக்கம் போயிருந்தா நெறைய ஓடியிருக்கு. நான் எடுத்தது வலது பக்கம் ஒரு நெல்லு அகலத்துக்கு தள்ளி தான் நிக்குது.

குழல கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சி உள்ள பாருங்க. உள்ள வெளிச்சம் வட்டம் வட்டமா விழும், அந்த வட்டம் எங்கயாவது கோணலானா அங்க நசுங்கியிருக்கு, ஒரு எடத்துல கருப்பு வளையமா தெரிஞ்சா உள்ளயே வீங்கியிருக்கு. நசுங்கல எடுத்துடலாம், வீங்குன குழல வாங்கவே வாங்காதீங்க. புள்ளி புள்ளியா துரு அரிச்சிருந்தா அது எங்கன்னு பாருங்க, தோட்டா உக்கார்ற எடத்துல அரிச்சிருந்தா வேணாம். அப்புறம் குழல ஒரு வெரல்ல தொங்க விட்டு நகத்தால தட்டுங்க, மணி மாதிரி கணீர்னு கேக்கணும், ஜர்னு கேட்டா ரெண்டு குழலையும் சேக்குற பட்டி விட்டுக்கிட்டு இருக்கு. கட்டையில கைப்புடி ஒல்லியா இருக்கிற எடத்துல தான் வெடிப்பு வரும், நல்ல வெளிச்சத்துல பாருங்க. தோள்ல வைக்கிற ரப்பர் இந்த வெக்கையில பிசுபிசுன்னு ஆயிருந்தா பயப்படாதீங்க, அது மாத்துற சாமான் தான்.

குழலோட அடிப்பக்கம் தட்டையா இருக்கிற எடத்துல முத்திரை இருக்கும், சோதனை பண்ணி அடிச்ச குறி. 20-70ன்னு இருந்தா இன்னிக்கு விக்கிற 70 மில்லி தோட்டா போகும். பழைய இங்கிலீஷ் சாமான்ல 65 மில்லி அளவும் உண்டு, அதுல 70 போட்டா உள்ள போயிடும், பூட்டிக்கும், ஆனா சுடறப்ப தோட்டாவோட வாய் விரிய எடம் பத்தாம அழுத்தம் ஏறும். முத்திரைய படிக்க முடியாத துப்பாக்கி, எவ்ளோ மலிவா குடுத்தாலும் எனக்கு வேணாம்.

தோட்டா வெலயும் முன்னாடியே விசாரிச்சிடுங்க. 12 எப்ப போனாலும் இருக்கு, 20-க்கு நான் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டியிருக்கு, வெலயும் 12-ஐ விட கூட தான், ரவை கம்மியா இருந்தாலும். கடைக்காரரு வருஷா வருஷம் எடுத்து தருவேன்னு சொல்லாத வரைக்கும் துப்பாக்கிக்கு முன்பணம் குடுக்காதீங்க.

பன்னிக்கு 20 ஆகுமான்னு ரெண்டு மூனு பேரு கேட்டாங்க. எளஞ்செடி குருத்த பன்னி நோண்டிட்டு போறப்ப வயிறு எரியத்தான் செய்யும், ஆனா 12-ல எஸ்ஜின்னு சொல்ற பெரிய ரவை தோட்டா போட்டா எட்டு மில்லிக்கு மேல இருக்கிற ரவை ஒம்போது போகுது, 20-ல வழக்கமா கெடைக்கிற பக்ஷாட், அதாவது பெரிய ரவை, ஆறு மில்லி சொச்சம் தான். காயம் பட்டு ஓடுற பன்னி மனுஷனுக்கும் ஆபத்து, அதுக்கும் சித்ரவதை. அதுக்கு 12 வச்சிருக்கிறவங்கள கூப்புடுங்க, அதுக்கும் வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான் லைசென்ஸ் தனியா வேணும், துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் இருந்தா பத்தாது.

கடைசியா இத கட்டாயம் படிச்சிட்டு போங்க. வீட்டுல அப்பா 12 இருக்கு, இப்ப 20 வருதுன்னா ரெண்டு தோட்டாவும் ஒரே பையில, ஒரே டப்பாவுல, ஒரே சட்டைப் பாக்கெட்டுல இருக்கவே கூடாது. 20 தோட்டா 12 குழலுக்குள்ள போட்டா விழுந்து முன்னாடி ஒரு எடத்துல சிக்கிக்கும், தொறந்து பாத்தா காலியா தெரியும், சுடலையேன்னு பின்னாடி ஒரு 12-ஐ போட்டு அமுக்குனா குழல் புடிச்சிருக்கிற கை பக்கமே வெடிக்கும். அதுக்காகத் தான் 20 தோட்டாவ பெரும்பாலும் மஞ்சள் கலர்ல செய்யிறாங்க. எங்க வீட்டுல 20 மட்டும் தனி பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில, 12 பெட்டி இன்னொரு ரூம்ல, களத்துக்கு போறப்ப ஒரு நாளைக்கு ஒரு துப்பாக்கி தான் வண்டியில ஏறும்.