மோட்டார் சைக்கிள் ஏற்ற எந்த வேன்: தளத்தின் உயரத்திலிருந்து தொடங்குவோம்

ஒரு பைக்கை வேனுக்குள் ஏற்றுவதில் மிகக் கடினமான கட்டம், முன்சக்கரம் வேனின் தளத்தை எட்டிவிட்டு, பின்சக்கரம் இன்னும் ராம்பின், அதாவது ஏற்றுவதற்காகச் சாய்த்து வைக்கும் பலகையின், நடுவில் நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான். அப்போது பைக்கின் எடை முழுவதும் பின்னோக்கி இழுக்கும். தள்ளுகிறவர் தரையில் நிற்பதா, ராம்பில் ஏறுவதா என்று தெரியாமல் தவிப்பார். முன் பிரேக்கைப் பிடித்தாலும், ராம்பு ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். பத்து ஆண்டுகளுக்கு மேலாக என் பைக்குகளையும் நண்பர்களின் பைக்குகளையும் வேனில் ஏற்றி இறக்கி வந்திருக்கிறேன். சிறியது, நடுத்தரமானது, பெரியது என்று மூன்று அளவிலும் வேன் வைத்திருந்த பிறகு, எந்த வேன் இந்த வேலைக்கு ஏற்றது என்ற கேள்விக்கு அந்த இரண்டு மூன்று விநாடிகளில்தான் விடை இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

சரக்குத் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. பின்சக்கர இயக்கம் கொண்ட பெரிய வேன்களில் இஞ்சினின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் உந்துதண்டும் டிஃபரன்ஷியலும் தளத்துக்கு அடியில் இருப்பதால், தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்தில் அமைகிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட வேன்களில் அந்தப் பாகங்கள் பின்னால் இல்லாததால் தளத்தைத் தாழ்த்திவிட முடிகிறது. ஃபியட் டுகாட்டோ வகையில் அது ஏறத்தாழ 53 முதல் 55 சென்டிமீட்டர்தான். 15 சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தோன்றலாம். 249 கிலோ எடையுள்ள பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பைக்கை 2 மீட்டர் ராம்பில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். தளம் 70 சென்டிமீட்டரில் இருந்தால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே ஏறத்தாழ 87 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை தேவைப்படும். 55 சென்டிமீட்டரில் இருந்தால் 68 கிலோ போதும். முதலாவது இருவர் செய்ய வேண்டிய வேலை. இரண்டாவதை, இஞ்சினை ஓடவிட்டு கிளட்சைப் பாதி விட்டு மெல்ல நகர்த்தத் தெரிந்த ஒருவர் தனியாகச் செய்துவிடலாம்.

உயரமான தளம் உள்ள வேனை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. 2.5 மீட்டர் நீள ராம்பு வாங்கினால், 70 சென்டிமீட்டர் தளத்துக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 70 கிலோவுக்கு இறங்கிவிடும். ஆனால் நீளமான ராம்பு நடுவில் அதிகம் வளையும், வேனுக்குப் பின்னால் கூடுதல் இடம் கேட்கும், மடித்து வைத்தாலும் உள்ளே இடத்தை அடைக்கும். ராம்பும் தளமும் சேரும் விளிம்பையும் கவனிக்க வேண்டும். நான் முன்பு வைத்திருந்த, பின்சக்கர இயக்கம் கொண்ட ஒரு பெரிய வேனில் ஒருமுறை தனியாக ஏற்றும்போது, முன்சக்கரம் உள்ளே போனதும் பைக்கின் அடிக்காப்புத் தகடு அந்த விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் இரண்டும் ஏறத்தாழ அந்தரத்தில் நின்றன. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, யாராவது அந்த வழியாக வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை. அதன் பிறகு, மேல்முனை வில்போல் வளைவாக அமைந்த ராம்பு ஒன்றை வாங்கினேன். அதோடு, என் கால் வைத்து ஏற ஒரு குறுகிய இரண்டாவது ராம்பும் எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

அடுத்தது கதவின் வாய். விளம்பரத் தாளில் சரக்கறையின் உள்ளுயரத்தைப் பெரிதாகப் போடுவார்கள். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பு அதைவிடப் பல சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும் என்பது வேறொரு பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். ஃபோல்க்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி6, 2014இல் வந்த ரெனோ டிராஃபிக் போன்ற தாழ்கூரை நடுத்தர வேன்களின் உள்ளுயரம் ஏறத்தாழ 1.4 மீட்டர்; பின்கதவின் வாய் அதிலும் குறைவு. மேலே சொன்ன ஜிஎஸ் பைக்கின் உயரம், பின்னோக்குக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,430 மில்லிமீட்டர். ஆகவே முன்கண்ணாடியைக் கழற்றாமல் அது இந்த வேன்களுக்குள் போகாது. ராம்பில் ஏறும்போது பைக்கின் முன்பகுதி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், நேராக நிற்கும்போது மயிரிழையில் நுழையும் பைக்கூட ஏற்றும்போது இடிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மாறாக, யமஹா ஆர்1 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கோ, 1.3 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும், மண்தடப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பைக்கோ மட்டும் வைத்திருப்பவருக்கு இதே நடுத்தர வேன் தாராளமாகப் போதும். அவர் பெரிய வேன் வாங்கி எரிபொருளையும் நிறுத்தும் இடத்தையும் வீணாக்க வேண்டாம். உள்ளே குனிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பது மட்டுமே குறை. ஆனால் ஒரு நாளில் நான்கு முறை குனிந்து, பைக்கைக் கட்டும் பட்டையை இறுக்குகிறவருக்கு அது சிறிய குறை அல்ல என்று என் முதுகு எனக்குச் சொல்லியிருக்கிறது.

அகலத்தைப் பற்றித்தான் தவறான அறிவுரை அதிகம் உலவுகிறது. பின்சக்கரங்களுக்காகச் சரக்கறைக்குள் புடைத்து நிற்கும் சக்கர வளைவுகளுக்கு இடைப்பட்ட அகலத்தை எல்லோரும் ஒப்பிடுகிறார்கள்: டிரான்ஸ்போர்ட்டர் டி6இல் 1,244 மில்லிமீட்டர், டிராஃபிக்கில் 1,268, பெரிய ஃபோர்டு டிரான்சிட்டில் 1,392, டுகாட்டோவில் 1,422. ஆனால் வளைவுகளுக்கு நடுவே போவது டயர்கள்தான். ஒரு பைக்கின் டயருக்கு 20 சென்டிமீட்டர் போதும். உண்மையில் மோதிக்கொள்பவை ஹேண்டில்பார்கள். ஒரு மோட்டோகிராஸ் பைக்கின் ஹேண்டில்பார் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் அகலம். இரண்டை ஒரே வரிசையில் நிறுத்தினால் 1.64 மீட்டர், இடையில் விரல் நுழைய இடம் விட்டால் இன்னும் கூடுதல். ஆகவே வேனின் தளத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், ஹேண்டில்பார் நிற்கும் மட்டத்தில், சுவருக்குச் சுவர் எவ்வளவு அகலம் என்பதையே அளக்க வேண்டும். பல வேன்களின் சுவர்கள் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கின்றன. விளம்பரத் தாளில் உள்ள அகலம் அவை மிக விரிந்திருக்கும் இடத்தில் எடுத்த அளவு. டுகாட்டோவின் சுவர்கள் ஏறத்தாழச் செங்குத்தாக, 1.87 மீட்டர் அகலத்தில் நிற்பதால் அங்கே இரண்டு பைக்குகள் அருகருகே நிற்கின்றன. டிராஃபிக் போன்றவற்றில் ஒன்றை முன்னே தள்ளியும் மற்றதைச் சற்றுப் பின்னே விட்டும், அல்லது ஒன்றை எதிர்த்திசையில் திருப்பிப் பின்புறமாக ஏற்றியும்தான் இடம் காண முடியும். அதற்கு நீளம் கைகொடுக்க வேண்டும்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான பைக்குகள் 2 மீட்டருக்கும் 2.25 மீட்டருக்கும் இடையில் அடங்கும். நடுத்தர வேன்களின் குட்டை உடலில் ஏறத்தாழ 2.5 மீட்டர் சரக்கு நீளமும், நீள உடலில் 2.9 மீட்டருக்கு மேலும் கிடைக்கும். ஹோண்டா கோல்டு விங் டூர் போல 2.5 மீட்டருக்கு மேல் நீளமும் 380 கிலோவுக்கு மேல் எடையும் உள்ள பைக் வைத்திருப்பவர் நேராகப் பெரிய வேனுக்கே போய்விடுவது நல்லது. ஃபோல்க்ஸ்வாகன் கேடி, சித்ரோயன் பெர்லிங்கோ போன்ற சிறிய வேன்களில் முன்சக்கரத்தைக் கழற்றியோ குறுக்காக வைத்தோ ஒரு பைக்கை ஏற்றலாம். நான் இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். எப்போதாவது ஒருமுறை ஏற்றுகிறவருக்கு அது சரி. வாராவாரம் ஏற்றுகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது என் தேர்வைச் சொல்கிறேன். 2006இல் அறிமுகமான தலைமுறை டுகாட்டோவும், அதே வடிவமைப்பில் வேறு பெயர்ப்பலகையோடு வரும் பெஜோ பாக்ஸர், சித்ரோயன் ஜம்பர், ராம் புரோமாஸ்டர் ஆகியவையும் பைக் ஏற்றுவதற்கு மிகவும் பொருத்தமான பெரிய வேன்கள். அவற்றில் நடு நீளமும் நடுக்கூரையும் கொண்ட எல்2எச்2 உடலை நான் நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 3.12 மீட்டர் நீளச் சரக்கறை, 1.93 மீட்டர் உள்ளுயரம், அதாவது பெரும்பாலானோர் நிமிர்ந்து நின்று பட்டை இறுக்கலாம், 1.79 மீட்டர் உயரப் பின்கதவு வாய், அதனால் எந்தப் பைக்கின் முன்கண்ணாடியையும் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு பைக்குகளை ஏற்றிய பிறகும் கருவிப்பெட்டி, தலைக்கவசங்கள், எரிபொருள் கலன் ஆகியவற்றுக்கு இடம் மிஞ்சுகிறது. பக்கவாட்டில் நகரும் கதவைத் திறந்து, ஏற்றிய பைக்கின் முன்பட்டைகளை வெளியில் நின்றபடியே இறுக்க முடிவது, வாங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒரு வசதி.

இதன் குறைகளையும் மறைக்க மாட்டேன். ஓட்டுநர் இருக்கை பேருந்தில் அமர்வதுபோல் நிமிர்ந்தே இருக்கும். நீண்ட பயணத்தில் கால் தொடைக்குக் கீழே வலிக்கிறது. அதைவிடப் பெரிய குறை, ஈரப் புல்தரையிலும் சேற்றிலும் இழுவை போய்விடுவது. சரக்கறையின் பின்பகுதியில் எடை குவிந்தால் முன் அச்சு லேசாகி, இயங்கும் சக்கரங்கள் சுழன்றபடி நிற்கும். மோட்டோகிராஸ் களங்களின் புல்வெளியில் இரண்டு முறை என் வேனை இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். பைக்குகளை இயன்றவரை முன்னே, ஓட்டுநர் பகுதியைச் சரக்கறையிலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தப் பழகிய பிறகு இது குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. ஆண்டு முழுவதும் சேற்றில் நிறுத்த வேண்டியவர்கள் நான்கு சக்கர இயக்கத்தோடும் கிடைக்கும் மெர்சிடிஸ் ஸ்பிரின்டரையோ ஃபோர்டு டிரான்சிட்டையோ பார்க்கட்டும். தளத்தின் உயரத்தை நீள ராம்பால் சமாளித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு பெயர்களையும் வைத்து மட்டும் வாங்கிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். டிரான்சிட்டின் முன்சக்கர இயக்க வகையில் தளம் பின்சக்கர வகையைவிட 10 சென்டிமீட்டர் தாழ்வு. 2018இல் வந்த ஸ்பிரின்டரில் முன்சக்கர இயக்கமும் சேர்ந்தபோது ஏற்றும் விளிம்பு 8 சென்டிமீட்டர் தாழ்ந்தது. ஒரே பெயரில் இரு வேறு வேன்கள் விற்பனைக்கு இருக்கின்றன என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

பைக்கைக் கட்டும் கொக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாலையில் சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரவிதியின்படி, கட்டு முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் தாங்க வேண்டும். 249 கிலோ பைக்குக்கு அது முன்னோக்கி ஏறத்தாழ 200 கிலோ. தொழிற்சாலையில் பொருத்திய கொக்கிகள் வேனின் உலோக உடலோடு பிணைந்திருக்கும். அவை இதைத் தாங்கும். ஆனால் பழைய வேன்களில் முன்னாள் உரிமையாளர்கள் ஒட்டுப்பலகைத் தளத்தில் வெறும் மரத்திருகுகளால் மாட்டி வைத்த வளையங்களையும் காணலாம். நான் வாங்கிய ஒரு வேனில் அப்படி ஒன்று இருந்தது. திடீரென பிரேக் பிடித்தபோது அது பலகையோடு பிய்ந்து வந்தது, பைக் சாய்ந்து தடுப்புச் சுவரில் மோதியது. அந்த எஃகுத் தடுப்புச் சுவர் இல்லாமல் இருந்திருந்தால் அது என் இருக்கையின் முதுகில் மோதியிருக்கும். ஆகவே முழுத் தடுப்புச் சுவர் இல்லாத வேனை இந்த வேலைக்கு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்ரோல் வாடை ஓட்டுநர் பகுதிக்கு வராமல் அது தடுக்கிறது என்பது கூடுதல் காரணம். கொக்கிகள் முன்மூலைகளில் உள்ளனவா என்றும் பாருங்கள். பைக்கின் முன்ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் அமுங்கு கவையை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி முன்னோக்கியும் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்ட வேண்டும். கொக்கிகள் நடுவில் மட்டும் இருந்தால் அந்தக் கோணம் கிடைக்காது.

மின்சார வேன்களிலும் இதே அளவுகளையே பார்க்க வேண்டும். மின்கலம் தளத்துக்கு அடியில் இருப்பதால் பெரும்பாலானவற்றில் சரக்கறை அப்படியே இருக்கும். ஆனால் மின்கலத்தின் எடை ஏற்றத் தகுந்த எடையைக் குறைக்கும். இரண்டு பைக்குகளுக்கு இது தடையாகாது. நான்கு பைக்குகளையும் கருவிகளையும் ஆட்களையும் ஏற்றுகிற பந்தயக் குழுக்கள் மட்டும் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

பழைய வேன் பார்க்கப் போகும்போது அளவு நாடாவை மட்டும் கொண்டு போகாதீர்கள்; பைக்கையும் ராம்பையும் கொண்டு போங்கள். விற்பவர் அனுமதித்தால், உதவிக்கு யாரும் இல்லாமல் நீங்களே ஒருமுறை ஏற்றி, கட்டி, கதவைச் சாத்திப் பாருங்கள். பின்கதவுகள் இரண்டும் முழுமையாகத் திரும்பிப் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கின்றனவா, ராம்பின் நுனி உட்காரும் இடத்தில் பம்பர் படியின் பிளாஸ்டிக் நெரிகிறதா, தளப்பலகைக்கு அடியில் துரு இருக்கிறதா என்பனவெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் இப்போது ஓட்டும் வேனை அப்படித்தான் வாங்கினேன். அதற்கு முன் பார்த்த இரண்டு வேன்களை, பைக் பாதி ராம்பில் நிற்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.