சிங்கப்பூர் செங்காங்கில் ரிசேல் வீடு, 3,800 வெள்ளி போச்சு: சாமானோடு வீடு வாங்குபவர்கள் கவனம்

சாவி வாங்கி இன்றோடு ஒன்பது நாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிசேல் வீடு, அதாவது ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீடு, வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கறை வீடு. விற்றவர்கள் நம் ஆட்கள், தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். ஹாலில் தேக்கு மரத்தில் சாமி மேடை, கதவில் சின்னச் சின்ன மணி, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்ற என் அம்மா நகரவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அண்ணன் சொன்னார்: “சாமி மேடையைப் பிடுங்கிட்டுப் போகக் கூடாதும்மா. இனிமே நீங்களே விளக்கேத்துங்க.” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஏமாந்தது அந்த நிமிடத்தில்தான்.

வீட்டு விலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வழியாக முறைப்படி போனது. அதில் எந்தக் குறையும் இல்லை. சாமான் கணக்கு தனி. ஏர்கான் சிஸ்டம் 3 (வெளியே ஒரு கம்ப்ரசர், மூன்று ரூமுக்கு மூன்று புளோவர்), வாஷிங் மிஷின், இரண்டு அலமாரி, எல்லா ரூமுக்கும் விளக்கும் திரைச்சீலையும், அப்புறம் அந்தச் சாமி மேடை. எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பேரம் பேச வாய் வரவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே போனிலேயே பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பினேன். எதற்கு என்று எழுதும் இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘தேங்க்ஸ் அண்ணே’. இன்றைக்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்!

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள், அப்படித்தான் ஆனது. நடுவில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. சாவி வாங்கும் நாள் காலையில் இன்னொரு முறை பார்க்கலாமா என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். “அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, லீவை வீணாக்காதீங்க” என்றார். தோ பாயோ வீவக நடுவத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கி, அண்ணனுக்குக் கை கொடுத்துவிட்டு நேரே செங்காங் போனோம்.

ஹாலில் சாமி மேடை இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது, மேலே கற்பூரப் புகை படிந்த கருப்பு, ஓரத்தில் யாரோ விரலைத் துடைத்த விபூதிக் கோடு. அம்மா ஒன்றும் பேசவில்லை. இப்போதைக்குப் பிரிக்காத ஓர் அட்டைப் பெட்டி மேல் முருகன் படத்தை வைத்து விளக்கேற்றுகிறார்.

ஏர்கான் மூன்று ரூமிலும் சுவரில் இருந்தது. அப்பாடா என்று ரிமோட்டை அழுத்தினால் ‘பீப்’ சத்தம்கூட இல்லை. ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கம்ப்ரசர் உட்கார வேண்டிய இடம் காலி. வெட்டிய செம்புக் குழாய்கள் மட்டும் நுனியில் கருப்பு டேப் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. டேப் சுற்றும் அளவுக்கு நிதானமாக வேலை பார்த்திருக்கிறார்கள்.

வாஷிங் மிஷின் இருந்தது. ஆனால் நான் பார்த்த மிஷின் இல்லை, எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த துருப்பிடித்த ஒன்று. விளக்குகள் போய் மேல்தளத்தில் வயர் தொங்கியது. அலமாரி இரண்டும் மிச்சம், அதுவும் பெரிதாக இருந்ததால் லிஃப்டில் ஏறியிருக்காது என்று நினைக்கிறேன்.

எடுத்துப் போனது இது. விட்டுப் போனதைக் கேளுங்கள். ஸ்டோராக வைத்திருக்கும் பாம் ஷெல்ட்டர் கதவைத் திறந்தால் கறை பிடித்த மெத்தை மூன்று, ஓடாத டிரெட்மில், பதினோரு டின் காய்ந்த பெயின்ட். பழைய சாமான் எடுக்கும் கரங்குனிக்காரர் மெத்தையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் நகர மன்றம் மாதத்துக்கு மூன்று பெரிய சாமான்தான் இலவசமாக எடுக்கும். இந்த மாதக் கணக்கு அடுத்தவர் மெத்தையிலேயே தீர்ந்தது.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். “கம்ப்ரசர் சர்வீஸுக்குப் போயிருக்கு தம்பி, வந்துடும்.” மறுநாள்: “மச்சான்தான் எடுத்துட்டுப் போனான், கேட்டுச் சொல்றேன்.” மூன்றாம் நாள்: “என்ன தம்பி, நம்மளுக்குள்ள இப்படிக் கணக்குப் பார்க்கிறீங்க?” அதன் பிறகு இரண்டு நீல டிக் மட்டும். அக்காவுக்குப் போன் போட்டால், “அவர்கிட்டயே பேசுங்க தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது.” தேத்தண்ணி கொடுத்த அதே குரல். என் ஏஜென்ட்? “சாமான் விஷயம் உங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டது, எனக்குச் சம்பந்தமில்லை.” கமிஷன் மட்டும் அவருக்குச் சம்பந்தம்.

ஐந்தாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல், பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில் பழைய கம்ப்ரசர் தேடிக்கொண்டிருந்தேன். சாமி மேடை வந்து நின்றது. பின்னால் என் வீட்டு டைல்ஸ். 900 வெள்ளி, ‘விற்றுவிட்டது’. நான் காசு கொடுத்து ஆறு வாரம் கழித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள்! செயலிக்கும் புகார் அனுப்பினேன். செயலிக்கு வெளியே நடந்த பேச்சில் தலையிட முடியாது என்று, இயந்திரம் எழுதியது போல நான்கு வரி பதில் வந்தது.

3,800 வெள்ளி. எனக்கு அது இரண்டு மாதச் சேமிப்பு. ஓர் ஆறுதல், அந்தச் செயலிப் பக்கத்தை உடனே படம் பிடித்து வைத்துவிட்டேன். சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிபியூனலில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வைக்க முடியாது. இந்த வாரமே போடப் போகிறேன். ‘தேங்க்ஸ் அண்ணே’ என்பதை அங்கே எப்படி விளக்குவது என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஏர்கான்காரர் கார்ப்பார்க்குக்கு வந்துவிட்டதாகப் போன் அடிக்கிறார். சுருக்கமாக: சாமானுக்குத் தனிப் பட்டியல் எழுதி, மாடல் நம்பரோடு, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எதை எடுத்துப் போக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஸ்டோர் கதவைத் திறந்து பாருங்கள். சாவி வாங்கும் அன்று காலையில் வீட்டுக்குப் போய் ஏர்கானைப் போட்டுப் பாருங்கள், ஏஜென்ட் என்ன சொன்னாலும். சாமான் காசை அதற்கு அப்புறம் கொடுங்கள்.

பழைய புளோவருக்குப் புதுக் கம்ப்ரசர் பொருந்தாதாம், மொத்த செட்டையும் மாற்ற வேண்டுமாம். மறுபடியும் 3,000 வெள்ளிக்கு மேல். கதவைத் திறக்கப் போகிறேன்.