காவிரியில் விழுந்த கோடு: 280 ரூபாய் வரைபடம் ஒன்று

ஈரோட்டில் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் சொந்தக் காசில் அச்சடித்து விற்கிற வரைபடம் இது. மூன்றாம் மைசூர்ப் போரில், அதாவது 1790லிருந்து 1792 வரை, கொங்கு நாட்டில் எந்தப் படை எந்த வழியாக வந்தது, எந்தக் கோட்டை யார் கையில் விழுந்தது, கடைசியில் ஒப்பந்தம் போட்டபோது எந்த ஊர் யாருக்குப் போனது என்பதுதான் விஷயம். விரித்தால் மூன்றடி அகலம், இரண்டடி உயரம். முன்பக்கம் படம், பின்பக்கம் ஒப்பந்தக் கணக்கு. விலை 280 ரூபாய். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. நான் வாங்கி நாலு மாசம் ஆகிறது. வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு சுற்றினேன். அதனால் இதன் நல்லது கெட்டது இரண்டும் தெரியும்.

நான் மஞ்சள் மண்டியில் 31 வருஷம் கணக்கு எழுதியவள். எனக்குச் சரித்திரப் படிப்பு கிடையாது. அதனால் முதலில் திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தைத்தான். சொல்லிவிடுகிறேன், பின்பக்கத்துக்காகவே 280 ரூபாய் தரலாம்.

அங்கே 1792 மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முடிவான ஒப்பந்தத்தைப் பேரேடு மாதிரி இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். ஒரு பக்கம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும். எதிர்ப் பக்கம் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான். அவருடைய நாட்டின் ஒரு வருஷ வருமானம் 2 கோடியே 37 லட்சம் ரூபாய் என்று கணக்குக் காட்டி, அதில் சரிபாதி, 1 கோடியே 18½ லட்சம் வருமானமுள்ள நிலத்தை வாங்கிக்கொண்டார்கள். அதை மூன்றாக வகுத்தால் ஆளுக்கு 39½ லட்சம். நிலம் போனது போக ரொக்கம் 3 கோடியே 30 லட்சம். அதில் பாதி உடனே. மீதியை மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் நாலு மாசத்துக்கு மிகாமல் கட்ட வேண்டும்.

இதைப் படித்ததும் பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்துவிட்டேன். பாதி நாடு போன பிறகு அவருக்கு மிஞ்சுகிற வருமானம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 18½ லட்சம். கட்ட வேண்டியது 3 கோடியே 30 லட்சம். அதாவது மிச்சமிருக்கிற நாட்டின் கிட்டத்தட்ட 2 வருஷம் 9 மாச வருமானத்தை ஒரே வருஷத்துக்குள் எண்ணி வைக்க வேண்டும். மண்டியில் இப்படி ஒரு கடனை யாராவது எழுதிக்கொடுத்தால், கட்டுவதற்காக எழுதின கடன் இல்லை என்று முதலாளியே சொல்லிவிடுவார். கஜானாவில் இருந்தது போதாமல் படையிடமும் அதிகாரிகளிடமும் குடிகளிடமும் வசூல் செய்துதான் கட்டினார்கள். திப்பு கட்டினார் என்று புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. கட்டினது கம்பும் ராகியும் விதைத்தவன்.

அந்தப் பேரேட்டில் பிணை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்துல் காலிக், முயிஸுதீன் என்று இரண்டு பெயர். திப்புவின் மகன்கள். பெரியவனுக்குப் பத்து வயசு, சின்னவனுக்கு எட்டு வயசு இருக்கும். கடன் தீரும்வரை அவர்களை மெட்ராஸில் வைத்திருந்தார்கள். தவணை ஒரு வருஷத்துக்குத்தான், ஆனால் பையன்கள் திரும்பி அப்பாவிடம் போனது 1794ல். நானும் எத்தனையோ ஜாமீன் பத்திரம் எழுதியிருக்கிறேன். காடு, வீடு, நகை, மூட்டை இவற்றை எழுதியிருக்கிறேன். என் பேரனுக்கு இந்தத் தையில் எட்டு வயசு முடிந்தது. அந்தக் கட்டத்தை அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். வாத்தியார் அதை அலங்காரம் எதுவும் செய்யாமல், மற்ற இனங்களுக்கு நடுவில் ஒரு இனமாகப் போட்டது சரியான முடிவு.

அப்புறம் முன்பக்கம். சிவப்புக் கோடு கம்பெனிப் படையின் ஜெனரல் மெடோஸ் வந்த வழி. 1790 மே மாதம் திருச்சியில் கிளம்பி, கரூர், தாராபுரம் என்று ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்து, ஜூலையில் கோயமுத்தூர். அங்கிருந்து கஜலட்டிக் கணவாய் வழியாக மைசூருக்கு ஏறுவதுதான் திட்டம். பச்சைக் கோடு திப்பு. செப்டம்பரில் அவரே அந்தக் கணவாய் வழியாகக் கீழே இறங்கிவிட்டார். சத்தியமங்கலத்தில் இருந்த கம்பெனியின் கர்னல் ஃபிளாய்டின் படை 13, 14 தேதிகளில் அடி வாங்கித் தெற்கே பின்வாங்கியது. பிறகு பச்சைக் கோடு ஈரோடு, தாராபுரம் என்று திரும்ப ஓடுகிறது. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குகிற இடங்களில் விரல் வைத்துப் பார்த்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த ஊர்கள். ஒரே வருஷத்தில் இந்தப் படை ஒருமுறை, அந்தப் படை ஒருமுறை. இரண்டு தடவையும் தீவனமும் தானியமும் மாடும் அதே பட்டியிலிருந்துதான் போயிருக்கும்.

கோயமுத்தூருக்குத் தனியாக மூலையில் ஒரு சின்னப் படம். 1791 ஜூனிலிருந்து அந்தக் கோட்டையைத் திப்புவின் படை முற்றுகை போட்டது. உள்ளே இருந்தவர் கம்பெனியின் லெப்டினன்ட் சால்மர்ஸ். ஆகஸ்டில் வந்த தாக்குதலைச் சமாளித்துவிட்டார்கள். நவம்பரில் திப்புவின் தளபதி கமருதீன் கானிடம் பணிந்தார்கள். இத்தனை பாடுபட்ட கோயமுத்தூர், ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு வரவில்லை. திப்புவிடமே இருந்துவிட்டது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பிறகுதான் கம்பெனிக்குப் போனது. முற்றுகையில் செத்தவர்களின் வீட்டுக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. இப்போது கோட்டை இல்லை, கோட்டைமேடு என்ற பெயர் இருக்கிறது.

இனி, நான் இந்தப் படத்தை யாரைப் பார்த்தாலும் வாங்கச் சொல்வதற்குக் காரணமான இடத்துக்கு வருகிறேன். 1792 எல்லையை ஒரு தடித்த கறுப்புக் கோடாகப் போட்டிருக்கிறார். கம்பெனிக்குப் போனது மலபார், குடகு, திண்டுக்கல், பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்). அத்தோடு சேலம், நாமக்கல், சங்ககிரி. நம் பக்கத்தில் அந்தக் கோடு காவிரியிலேயே இறங்கி வருகிறது. கிழக்குக் கரை கம்பெனிக்கு, மேற்குக் கரை திப்புவுக்கு. என் அம்மா வீடு பள்ளிபாளையம் பக்கம். கட்டிக்கொடுத்தது கருங்கல்பாளையம். நடுவில் ஒரு பாலம்தான். 1792ல் நான் பிறந்திருந்தால் என் அம்மா வீட்டுக்குப் போக வேறு ராஜ்யத்துக்குப் போக வேண்டும்.

படத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே இலவச பஸ்ஸில் ஏறி, பாலத்து முனையில் இறங்கி நின்றேன். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயசில் இந்தப் பக்கத்தை ஈரோட்டுக்காரர்கள் என்றும் அந்தப் பக்கத்தைச் சேலத்துக்காரர்கள் என்றும் சொல்வோம். அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். பழைய சேலம் ஜில்லாவும் கோயமுத்தூர் ஜில்லாவும் இதே ஆற்றில்தான் பிரிந்தன. இன்றைக்கும் நாமக்கல் மாவட்டமும் ஈரோடு மாவட்டமும் இங்கேதான் பிரிகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கூடாரத்துக்குள் பேசி முடித்த எல்லை நான் தினமும் தாண்டுகிற தண்ணீரில் இருக்கிறது என்பதை 58 வயசில் இந்தத் தாள்தான் எனக்குக் காட்டியது.

1792லிருந்து 1799 வரை, அந்த ஏழு வருஷத்தில் இரண்டு கரைக்கும் நடந்தது வேறு வேறு. கிழக்கே அலெக்சாண்டர் ரீட் என்ற கேப்டனையும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவையும் அனுப்பிக் கம்பெனி நிலத்தை அளந்தது. குடியானவனிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை வளர்ந்தது அங்கேதான். மேற்கே இருந்தவர்கள் திப்புவின் தவணையைச் சுமந்தார்கள். சமாதானம் என்று ஒரு வார்த்தைதான், இரண்டு கரைக்கும் இரண்டு விதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

சங்ககிரிக்கும் போனேன். காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்தேன், வெயில் ஏறுமுன் இறங்கிவிட்டேன். மலைக்கோட்டையின் வாசல்களைப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டியிருப்பது உபயோகமாக இருந்தது. 1792ல் கம்பெனி வாங்கிய அதே கோட்டையில்தான் 1805ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்குக்கு அங்கே போகிறவர்கள் இந்தப் பதிமூன்று வருஷத் தொடர்ச்சியையும் தெரிந்துகொண்டு போகலாம். பவானிசாகர் அணைக்குள் மூழ்கிய டணாயக்கன் கோட்டையை நீல வண்ணத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடாகக் காட்டியிருப்பதும் அழகு. தண்ணீர் வற்றுகிற வருஷத்தில் மட்டும் தலைகாட்டுகிற கோட்டை அது.

சரி, குறைகள். தாள் மோசம். நாலாவது தடவை மடித்தபோதே மடிப்பில் வெளுத்துவிட்டது, இப்போது தாராபுரத்தின் மேல் ஓட்டை. மராட்டியர் பங்குக்கும் நிஜாம் பங்குக்கும் கொடுத்த இரண்டு மஞ்சளும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரிகின்றன. கஜலட்டி இப்போது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. படத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. பைக் எடுத்துக்கொண்டு கிளம்புகிற பையன்கள் கையில் இது கிடைத்தால் ஆபத்து. பவானியைக் காவிரிக்குக் கிழக்கே போட்டிருக்கிறார்கள். அது குமாரபாளையம் இருக்க வேண்டிய இடம். எல்லைக் கோடுதான் படத்தின் உயிர் என்னும்போது இது சின்னப் பிழை இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது இன்னொன்று. ஈரோட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கக் கஷ்டமான எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1800ல் கம்பெனிக்காக ஊர் ஊராகப் பார்த்து எழுதிக்கொண்டு இந்த வழியாக வந்த பிரான்சிஸ் புக்கானன் எழுதி வைத்தது. திப்புவின் அப்பா ஹைதர் காலத்தில் ஈரோட்டில் சுமார் 3,000 வீடு. திப்பு காலத்திலேயே அது வெகுவாகக் குறைந்தது. மெடோஸ் படையெடுத்து வந்தபோது மிச்சமும் அழிந்துபோனது. அவர் பார்த்தபோது ஊர் மறுபடி தலையெடுத்து 400 வீடு இருந்தது. அவ்வளவுதான் குறிப்பு. பீரங்கிக்கும் தளபதிகளுக்கும் பெரிய எழுத்து, இதற்குப் பொடி எழுத்தா? என் வீடு இருக்கிற ஊரில் ஒரு வீடுகூட மிஞ்சாத காலம் ஒன்று இருந்திருக்கிறது, நான் இத்தனை வருஷம் மணிக்கூண்டைச் சுற்றி நடந்தும் ஒருத்தரும் சொல்லவில்லை.

வாத்தியாருக்குப் போன் செய்தேன். "சொல்லுங்க அம்மிணி" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பவானியைப் பற்றிச் சொன்னதும் அச்சகத்தைக் குறை சொல்லவில்லை, தான் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஈரோட்டு வீட்டுக் கணக்கைப் பின்பக்கப் பேரேட்டுக்குள் கொண்டுபோங்க, அது செலவுதானே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, செய்கிறேன் என்றார்.

மாட்டுக் கணக்கையும் கேட்டேன். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டு, இழுக்க மாடில்லாமல் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். படத்தில் அது ஒரு வரியில் இருக்கிறது. அதே சமயம் தக்காணத்தில் பெரும் பஞ்சம். நம் பக்கம் அன்றைக்குக் கவலை இறைக்க, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க, ஒரு ஜோடி மாடில்லை என்றால் கிணறு இருந்தும் காடு தரிசுதான். ஊருக்கு ஊர் எத்தனை மாடு போனது என்று போட முடியுமா என்றேன். "எழுதி வெச்சவங்க யாருமில்லீங்க அம்மிணி, எதைப் போடறது" என்றார். தலைப்பை மட்டும் போட்டுப் பத்தியைக் காலியாக விடுங்க, மண்டியில் தொகை வராத இனத்தை அப்படித்தான் விடுவோம், அடித்துவிட மாட்டோம் என்று சொன்னேன். அதையும் எழுதி வைத்துக்கொண்டார்.

இரண்டாம் அச்சு, தடித்த தாளில், சித்திரைக்குள் வருமாம். விலை முப்பது நாற்பது ரூபாய் ஏறலாம் என்றார், ஏறட்டும். அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுத்து வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவில் காட்ட வேண்டும் என்று இப்போதே வாங்குகிறவர்கள், அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், பவானியை மட்டும் பென்சிலால் அடித்து ஆற்றுக்கு மேற்கே எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு ஒன்று வாங்கிப் பள்ளிபாளையத்துக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன், அவன் வீட்டையும் என் வீட்டையும் புள்ளி வைத்து.